எட்வின் மாஸ்டரின் அபஸ்வரம்

பாளையங்கோட்டை மியூசிக் கடைக்குள் எட்வின் மாஸ்டர் தன் சீடர் படையோடு நுழைந்தார். அவர் சினிமாவில் வாசித்தவர் என்று ஊரே சொல்லும். ஊருக்குச் சொன்னவர் அவரேதான். போன வாரம் வாங்கிய கிடார் ஆம்ப்ளிஃபயரை மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"சர்ச் அசன விருந்து மேடையில மானம் போச்சு. இந்தப் பெட்டி அபஸ்வரமா பாடுது. திருப்பி எடுத்துக்கிடுங்க. இதை என் தலையில கட்டின பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்க."

முதலாளி விற்பனைக்கு நிற்கும் முத்துப்பேச்சியை முறைத்தார். "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளையில இருந்து நீ வராண்டாம்."

"சரி முதலாளி. போறதுக்கு முன்னால மாஸ்டருக்கு நல்ல பெட்டி ஒண்ணு பார்த்துக் கொடுத்திருதேன்," என்றாள் அவள்.

புதுப் பெட்டி ஒன்றில் மாஸ்டர் கொண்டுவந்திருந்த கிடாரை இணைத்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பாட்டின் நடுவே அபஸ்வரம் இடித்தது.

"இதுவும் கெட்டுப்போச்சு சார்," என்று பணிவாகச் சொல்லி, கடையிலேயே விலை கூடிய பெட்டியைக் கொண்டுவந்தாள். அது அபஸ்வரத்தை இன்னும் தெளிவாக எடுத்துச் சொன்னது. சீடர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"கரண்டுல கோளாறு," என்றார் மாஸ்டர்.

"அப்படித்தான் இருக்கும் சார்." அவள் ஒயரையே உருவிவிட்டாள். "இப்ப வாசிங்க."

வேறு வழியில்லாமல் வாசித்தார். வெறும் கம்பியிலும் அதே அபஸ்வரம் மெல்லிசாக வந்து நின்றது.

முத்துப்பேச்சி முதலாளியிடம் திரும்பினாள். "இந்த அபஸ்வரம் நம்ம கடைச் சரக்கு இல்ல முதலாளி. மாஸ்டர் வீட்டுல இருந்தே கொண்டாந்திருக்காவ. இதை நாம எப்படித் திருப்பி எடுக்க?"

முதலாளி பழைய பெட்டியைத் தூக்கி மாஸ்டர் கையிலேயே கொடுத்தார். முத்துப்பேச்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.