நிர்வாகிக்கு மட்டும் வராத தமிழ்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் இணையதளத்தில் டோக்கன் போடும் பிளகின் என்ற துணைமென்பொருள் ஆங்கிலத்திலேயே இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளை ஏற்றினாள். நிர்வாகி தாணுலிங்கம் தன் கணக்கில் நுழைந்து பார்த்தார். அங்கே அதே ஆங்கிலம்.

“ஒரு வேலையும் உருப்படியா தெரியல. நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“சரி சார். வெளியே டோக்கன் வரிசையில நிக்கிற ஒரு அம்மாவோட போன்ல நம்ம தளம் எப்படித் தெரியுதுன்னும் பார்த்துட்டுப் போறேன்.”

இருவரும் வெளியே வந்தார்கள். அந்தம்மா தன் போனில் டோக்கன் பக்கத்தைத் திறந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“யாரைப் பார்க்க வேண்டும்?”

தாணுலிங்கம் தாழ்ந்த குரலில் கேட்டார். “அப்போ எனக்கு?”

“ஊருக்கெல்லாம் தமிழ் வந்துருச்சு சார். உங்க கணக்குல மட்டும் ஆங்கிலம்தான் வேணும்னு நீங்களே வெச்சிருக்கீங்க. அதை மாத்துற அதிகாரம் எனக்கு இல்லை.”