கைவிடாத விமானம்

தென்காசிப் பக்கம், காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு பொட்டலில் இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. ஹாஸ்டல் கொடியில் துவைத்துப் போட்ட சட்டை அடுத்த ஊரில் போய்க் காயும். அங்கே விமானப் பொறியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்.

அவர்களில் கோமதிநாயகத்துக்கு விளாத்திகுளம். கண்ணாடி போட்டிருந்த ஒரே காரணத்துக்காக மற்ற இரண்டு பேரும் அவனைத் தலைவனாக வைத்துக்கொண்டார்கள். லூர்துராஜ், யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வான். பெத்தபெருமாள் எதைக் கொடுத்தாலும் தூக்குவான். மூவரிடமும் ஒரு நல்ல குணம் உண்டு. பெரியவர்கள் சொன்ன சொல்லுக்கு ஒரு எழுத்து கூடவும் மாட்டார்கள், ஒரு எழுத்து குறையவும் மாட்டார்கள்.

ஊரில் கோமதிநாயகத்தின் அம்மா, தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "நம்ம கோமதி படிக்கிற சாமான் போகுது பாருங்க" என்று காட்டுவாள். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால் வானத்தில் போகிற அத்தனை விமானமும் தன்னைக் கேலி செய்துகொண்டே போகும் என்று அவன் பயந்தான். அதனால், பெங்களூரிலிருந்து விமான உதிரிபாகக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருகிறது என்றதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று.

பேராசிரியை மெஹருன்னிசா வகுப்பில் விவரம் சொன்னார். ஒவ்வொரு குழுவும் இன்ஜின் இல்லாத சின்ன விமானம் ஒன்று செய்யவேண்டும். கையால் எறிந்தால் அது மைதானத்தில் நூறு மீட்டராவது பறக்கவேண்டும். கம்பெனி அதிகாரி பக்கத்தில் நின்று பார்ப்பார். பிடித்தால் வேலை.

மூவரும் ஒரு வாரத்தில் விமானத்தைச் செய்து முடித்தார்கள். பெத்தபெருமாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேடத்தின் முன்னால் நின்றான். மேடம் பார்த்துவிட்டு, "ரொம்ப வெயிட்டா இருக்கே. அஞ்சு நாள்ல குறைச்சிட்டு வாங்க" என்றார்.

அறைக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது.

"யாரு வெயிட்டுன்னு மேடம் சொல்லலியே" என்றான் லூர்துராஜ், நோட்டைப் பார்த்தபடி.

"சொல்லும்போது யாரைப் பாத்தாவ?" என்று கேட்டான் கோமதி.

"பெத்தபெருமாளைத்தான் பாத்தாவ."

பெத்தபெருமாளுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நான் மட்டும் குறைக்கணுமாலே?"

கோமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். "நல்லா யோசிச்சுப் பாரு. ஒருத்தனைச் சொல்லியிருந்தா குறைச்சிட்டு வான்னு சொல்லியிருப்பாவ. வாங்கன்னுல்லா சொன்னாவ. மூணு பேருமே குறைக்கணும்."

இலக்கணத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஐந்து நாள் மூவரும் மெஸ் பக்கமே போகவில்லை. புதன்கிழமை கோழிக்குழம்பு வாசனை வந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஆறாம் நாள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்கள்.

லூர்துராஜ் வாசித்தான். "கோமதிநாயகம் மூன்று கிலோ. நான் இரண்டு. பெத்தபெருமாள் நாலரை. மொத்தம் ஒன்பதரை கிலோ குறைச்சாச்சு மேடம்."

மேடம் மூவரின் கன்னத்தையும் பார்த்தார். "விமானம்?"

"அது முதல்லேருந்தே ஒண்ணும் சாப்பிடறதில்லை மேடம்" என்றான் பெத்தபெருமாள்.

மேடம் அவர்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஆறு புரோட்டா வாங்கிக் கொடுத்தார். அப்புறம் தன் கையாலேயே இறக்கையை இழைத்து எடையைக் குறைத்தார்.

அடுத்து ஈர்ப்பு மையம். விமானத்தை விரல் நுனியில் வைத்தால் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடம் எது என்று கண்டுபிடித்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னார் மேடம். வைத்தார்கள். மேடம் ஸ்கேலால் அளந்தார். "புள்ளி ரொம்பப் பின்னால இருக்கு. ரெண்டு அங்குலம் முன்னால நகர்த்துங்க. இல்லைன்னா குப்புற விழும்."

லூர்துராஜ் ரப்பரால் பழைய புள்ளியை அழித்தான். கோமதி இரண்டு அங்குலம் அளந்து சொன்னான். பெத்தபெருமாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுப் புள்ளி வைத்தான். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவர்களுக்கே ஆச்சரியம். மற்ற குழுக்கள் எல்லாம் மூக்கில் ஈயத்துண்டை ஒட்டிக்கொண்டு ஏன் இப்படிக் கஷ்டப்படுகின்றன என்று கோமதி பரிதாபப்பட்டான்.

ஆய்வகத்தில் காற்றுச் சுரங்கம் ஒன்று இருந்தது. பெரிய மின்விசிறி வைத்த நீளமான கண்ணாடிப் பெட்டி. விமானத்தை அதற்குள் வைத்து, காற்று அதன்மேல் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். "வெறுமனே பார்த்தா காத்து தெரியாது. பக்கத்துல புகை விட்டுப் பாருங்க. எல்லாம் தெளிவாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேடம் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

மூவரில் யாருக்கும் புகைக்கிற பழக்கம் கிடையாது.

"படிப்புக்காகத்தானலே" என்றான் கோமதி. கடையில் ஒரு கட்டு பீடி வாங்கி வந்து, பெட்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். மேடம் வந்தபோது மூவரும் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்டு நோட்டில் லூர்துராஜின் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "11.10: இருமல். 11.15: கோமதிநாயகத்துக்கு வாந்தி. 11.20: எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மின்விசிறி நான்காகத் தெரிகிறது."

பறக்கவிடும் நாள் வந்தது. கம்பெனி அதிகாரி சோமசேகரன் மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற குழுக்களின் விமானங்கள் எழுபது, எண்பது என்று பறந்து விழுந்தன. ஒன்று நூற்றைத் தாண்டியது. கோமதிக்கு அம்மாவின் முகம் கண்ணில் வந்தது.

மேடம் பெத்தபெருமாளின் தோளைத் தட்டினார். "விமானத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வேகமா ஓடு. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

பெத்தபெருமாள் ஓடினான். சரியான இடத்துக்கு வந்ததும் மேடம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு புழுதிக்காற்று நேராக வாய்க்குள் போயிற்று. மேடம் இருமத் தொடங்கினார். பெத்தபெருமாள் ஓடிக்கொண்டே இருந்தான்.

"நாம விடுன்னு சொல்லலாமா?" என்று கேட்டான் லூர்துராஜ்.

"நாம மேடம் இல்லையே" என்றான் கோமதி.

பெத்தபெருமாள் மைதானத்தைக் கடந்தான். கல்லூரி வாசலைக் கடந்தான். தென்காசி ரோட்டில் ஏறி, ஒரு டீக்கடையையும் இரண்டு எருமைகளையும் தாண்டிப் போனான். அதிகாரி தன் காரைக் கிளப்பினார். மேடம் முன்னால் ஏறி இன்னும் இருமிக்கொண்டிருந்தார். கோமதியும் லூர்துராஜும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அதன் முன்னால் பெத்தபெருமாள் விமானத்தை உயர்த்திப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் தலையை வெளியே நீட்டி, கிடைத்த மூச்சில் சொன்னார். "விடு."

பெத்தபெருமாள் விட்டான். விமானம் ஜம்மென்று எழும்பி, நின்று யோசித்து, ரயிலின் திறந்த பெட்டி ஒன்றில் இருந்த சிமென்ட் மூட்டைகளின் மேல் குப்புற விழுந்தது. ரயில் செங்கோட்டைப் பக்கம் போயிற்று.

அதிகாரி காரிலிருந்து இறங்கி லூர்துராஜின் நோட்டை எட்டிப் பார்த்தார். "எவ்வளவு தூரம்னு எழுதுவீங்க?"

"வண்டி இன்னும் நிக்கலை சார்" என்றான் லூர்துராஜ், பேனாவை மூடாமல். "நின்னதும் எழுதிடறேன்."

கோமதிக்குக் கண் கலங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். ஆனால் திரும்பும் வழியில் நடந்தது எல்லாவற்றையும் மேடமும் பையன்களும் சொல்லச் சொல்ல, அதிகாரி காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். எடை, புள்ளி, பீடி என்று ஒன்று விடாமல் கேட்டார்.

"எங்க கம்பெனியில திருகாணி முடுக்குற பிரிவு இருக்கு" என்றார் கடைசியில். "எத்தனை சுற்று முடுக்கணும்னு தாள்ல எழுதியிருக்கும். படிச்சவன் எவன் வந்தாலும் தன் புத்தியைக் காட்டி ஒரு சுற்று கூடுதலா முடுக்கிடறான். சொன்னதை மட்டும் செய்யற ஆளை நாலு வருஷமா தேடறேன். நீங்க மூணு பேரும் வரணும். நான் முடிவு பண்ணிட்டேன். ஆனா ஆர்டர் மேலேருந்துதான் வரும். பத்து நாள் ஆகும், காத்திருங்க."

மறுநாள் காலையிலிருந்து மூவரும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றார்கள். ஆர்டர் தரையில் விழுந்து அழுக்காகக் கூடாது என்று ஒரு போர்வையை விரித்து மூன்று மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்காவது மூலையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டியிருந்தார்கள்.

பதினோராம் நாள் தபால்காரர் வந்தார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே உறை. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நீட்டினார்.

"பெங்களூரு தபால்தான்" என்றான் லூர்துராஜ் எட்டிப் பார்த்து. "ஆனா கீழேருந்துல்லா வருது."

பெரிய குழப்பமாகிவிட்டது. வாங்கினால் அதிகாரி சொன்னதை மீறியதாகும். வாங்காவிட்டால் வேலை போகும். கோமதிதான் வழி கண்டான். பெத்தபெருமாள் உறையை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினான். மற்ற இரண்டு பேரும் கீழே போர்வையை இழுத்துப் பிடித்தார்கள். தபால்காரரும் ஒரு மூலையைப் பிடித்தார்.

"விடு" என்றான் கோமதி.

பெத்தபெருமாள் விட்டான். பொட்டல் காற்று உறையைப் பிடித்தது. அது போர்வைக்கு வரவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, கொக்கு அளவாகி, பிறகு பொட்டு அளவாகி, மேகத்துக்குள் போய்விட்டது.

நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். தபால்காரர் கேட்டார். "இப்ப என்ன தம்பி செய்யறது?"

கோமதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். அவன் முகத்தில் கவலையே இல்லை.

"கையெழுத்துப் போட மறந்திருப்பாவ அண்ணாச்சி. அதான் திருப்பி வாங்கிக்கிட்டாவ. போட்டதும் கீழ போடுவாவ. போர்வையை விட்டுராதீங்க."