ஈர மணல் சொன்ன அளவு

ஆடிக் காற்றில் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த ஒரு பாறை, வேலாயி என்ற முள்ளம்பன்றியின் வளை வாசலை அடைத்துக்கொண்டது. வளைக்கு இரண்டு வாசல்கள். அடைபட்டது மேல்வாசல். மிச்சம் இருந்தது ஓடையை ஒட்டிய கீழ்வாசல்.

ஐப்பசி மழை வந்தால் ஓடை பெருகும். கீழ்வாசல் வழியாக வெள்ளம் உள்ளே ஏறும். உள்ளேயோ பால் மறக்காத இரண்டு குட்டிகள். வேறு வளை தோண்டலாம் என்றால் சுற்றிலும் கரும்பாறை. வெளியே படுக்கலாம் என்றால் சிறுத்தை. மழைக்கு முன்னால் அந்தப் பாறையைத் தள்ளியே ஆக வேண்டும்.

அன்றைக்கே போய் முழு மூச்சோடு முட்டினாள். பாறை அசையவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

ஓடைக்கரையில் குடியிருந்த ஆள்காட்டிப் பறவை இதைப் பார்த்துவிட்டது. ஆள்காட்டி பார்த்தால் காடே பார்த்த மாதிரி.

"என்னக்கா, மலையோட மல்லுக்கட்டுறியா?"

"பலம் பத்தலை. ஏத்திக்கிட்டு வர்றேன்," என்றாள் வேலாயி, இடுப்பைப் பிடித்தபடி.

பலம் என்றால் அந்தக் காட்டில் காட்டெருமையை விட்டால் ஆள் ஏது? வேலாயி மூங்கில் தோப்புக்குப் போனாள்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு முட்டு முட்டினா போதும்."

"அந்தச் சரிவுல என் குளம்பு நிக்காதும்மா. நான் உருண்டா பாறை உருண்டதைவிட மோசமாப் போயிடும்."

"அப்ப இந்த உடம்பு எப்படி வந்துச்சுன்னாவது சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு? விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் திம்பேன். படுத்தா அசை போடுவேன்."

வேலாயி அதையே பிடித்துக்கொண்டாள். கிழங்கு, மூங்கில் குருத்து, உதிர்ந்த நெல்லி, மரப்பட்டை என்று வாய் ஓயாமல் தின்றாள். பாறையைத் தள்ளச் சின்னக் கற்களில் பழக நேரமே இல்லை. ஆவணி முடிவதற்குள் தொப்பை தரையில் உரசியது. ஓடையிலிருந்து மேல்வாசலுக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"வாசல்ல ஒரு பாறைதான் இருந்துச்சு. இப்ப ரெண்டாயிடுச்சு," என்றது ஆள்காட்டி.

வேலாயிக்கு ரோஷம் வந்தது. பாறை இடுக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பிடம் போனாள். உடும்பின் பிடியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்!

"ஒரு முட்டையை முழுங்கினா பல நாளைக்கு இப்படியே கிடப்பேன்," என்றது உடும்பு, கண்ணைக்கூடத் திறக்காமல். "வயிறு காஞ்சாதான் பிடி இறுகும்."

அன்று முதல் வேலாயி பட்டினி கிடந்தாள். பட்டினியோடு கல்லையும் தள்ளினாள். தொப்பை கரைந்தது உண்மைதான். ஆனால் கண் இருட்டியது, கால் நடுங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் வற்றிப்போனது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதன. அந்த அழுகையைக் கேட்டபோது வேலாயிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெள்ளம் வருவதற்குள் நானே இதுகளைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே!

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான்," என்று ஆள்காட்டி முணுமுணுத்தது.

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனாள். கரைச் சேற்று மணலில் அவளுடைய பழைய கால்தடம் காய்ந்து கிடந்தது. தொப்பை போட்டிருந்த நாளில் பதிந்தது. குழி மாதிரி ஆழம். பக்கத்து ஈர மணலில் இன்றைய தடம். பூ விழுந்த மாதிரி பதிந்தும் பதியாமலும் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எருமை தின்னது எருமையோட உடம்புக்கு. உடும்பு பட்டினி கிடக்கிறது வெயில்ல சும்மா கிடக்கிற உடம்புக்கு. நான் கல்லும் தள்ளணும், பாலும் கொடுக்கணும். என் கணக்கு எங்கே இருக்குன்னு தேடினேனே, இதோ என் காலடியிலேயே கிடக்கு!"

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே ஈர மணலில் நின்று பார்த்தாள். தடம் ஆழமானால் அன்றைக்கு நெல்லியைக் குறைத்தாள். மேலோட்டமானால் ஒரு கிழங்கைக் கூட்டினாள். கல் தள்ளும் நாளில் கொஞ்சம் அதிகம், ஓய்வெடுக்கும் நாளில் கொஞ்சம் குறைவு. குட்டிகளின் பாலுக்கு உரியது எப்போதும் தனி. வற்றிய பாலும் மறுபடி ஊறியது. கல்லையும் அப்படித்தான் தொடங்கினாள். முதலில் விளாங்காய் அளவு. அது லேசான பிறகு பலாக்காய் அளவு. உடம்பு வலித்தால் கூச்சப்படாமல் படுத்துக்கொண்டாள். நாளாக நாளாகத் தடத்தின் ஆழம் மாறவில்லை, கல் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. இது அம்மி இல்லையேக்கா," என்றது ஆள்காட்டி.

"என் தோளுக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள் வேலாயி.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை. அவள் பாறையிடம் போவதற்குள் மழை முந்திக்கொண்டது. வேலாயி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது ஆள்காட்டி அலறியது. "அக்கா, ஓடை ஏறுது! கீழ்வாசல்ல தண்ணி பூந்துடுச்சு!"

வேலாயி எங்கும் நிற்காமல் சரிவேறினாள். பாறைக்குப் பின்னால் குட்டிகளின் குரல் கேட்டது. முதல் நாள் மாதிரி முட்டி மோதவில்லை. பின்னங்கால்களை ஊன்றினாள். தோளைக் கொடுத்தாள். நிதானமாக அழுத்தினாள். பாறை அசைந்தது, சாய்ந்தது, உருண்டு ஓடையில் போய் விழுந்தது. நனைந்த முட்களோடு இரண்டு குட்டிகளும் வெளியே ஓடி வந்து அவள் வயிற்றுக்கடியில் புகுந்தன. வேலாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மழை விட்டதும் ஆள்காட்டி பக்கத்தில் வந்து நின்றது. "அக்கா, நீ தின்ன அளவை எனக்கும் சொல்லேன். நானும் தின்னு பருந்தை விரட்டுறேன்."

"என் அளவைத் தின்னா உன் வயிறு வெடிச்சுடும்டி," என்றாள் வேலாயி. "மணல்ல போய் நில்லு. உன் கால் சொல்லும்."

அடுத்தவர் வயிற்றைப் பார்த்து உண்பவருக்குப் பலம் சேராது. தன் உடம்பையும் தன் உழைப்பையும் அளந்து உண்பவருக்கே பாறையும் வழிவிடும்.