வார்த்தை தடுக்காத இடம்

மூன்றாவது முறை உலுக்கிய பிறகுதான் சாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

"க… க… க…" என்றார் மாசிலாமணி.

சாமி காத்திருந்தார். வாயோரம் வழிந்திருந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கூரை ஓட்டின்மேல் அணில் ஓடியது. வெளியே யாரோ மாட்டை அதட்டினார்கள்.

"க… கனவுல எனக்குத் திக்கலை, சாமி."

சாமி இன்னொரு கண்ணையும் திறந்தார்.

ஓடைக்கரையில் ஓடு போட்ட கூடம். ஒரு பாய், ஒரு பானை, அவ்வளவுதான். பகலெல்லாம் படுத்திருப்பவரை ஊர் தூங்குசாமி என்றது. கனவுக்குள் விழித்திருக்கக் கற்றுக்கொடுப்பார் என்று ஒரு பேச்சும் இருந்தது. கொடுத்துவைத்த மனுஷன், மாமியார் வீட்டில்கூட இப்படித் தூங்க விடமாட்டார்கள் என்று மாவு மில்லுக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். சாமி மாசிலாமணியைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

மாசிலாமணிக்கு அந்த மில்லில்தான் வேலை. இயந்திரம் ஓடும்போது அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அதற்காகவே அந்த வேலைக்குப் போனவர்.

வந்த காரியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. சாமி எந்த வார்த்தையையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மகள் பூங்கோதைக்கு அண்ணன் திருமேனி மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். உங்கப்பன் தன் வாயால் வேண்டாமென்று சொல்லட்டும், அந்த நிமிஷமே நிறுத்திவிடுகிறேன் என்றார் அவர். மனதில் ஒன்று வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அப்படித்தான் நியாயம் என்று நினைத்தார்.

அன்று மாலையே மாசிலாமணி அண்ணன் எதிரில் போய் நின்றார். முதல் எழுத்து தொண்டையில் கிடந்து முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணன் எழுந்து வந்து முதுகைத் தடவினார். உனக்கு மனசு நிறைஞ்சிருக்குடா, எனக்குத் தெரியாதா என்றார்.

தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர். ஐந்து வயதிலிருந்து தம்பியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்தான் முடித்து வைக்கிறார். அன்போடு முடிப்பார். பெரும்பாலும் தப்பாக முடிப்பார். மாசிலாமணி தலையை ஆட்டிவிடுவார். எழுதிக் காட்டலாமென்றால் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது.

"கனவுல முழிச்சு?" என்றார் சாமி.

"அ… அங்க நாக்கு எப்படிப் புரளுதுன்னு பார்க்கணும். பார்த்து, இங்க கொண்டுவரணும்."

"கொண்டுவர முடியுமா?"

"உ… உங்களுக்குத் தெரியாதா?"

"நான் அங்கேருந்து ஒரு மாங்காயைக்கூடக் கொண்டுவந்ததில்லையே" என்றார் சாமி. "சரி, படுங்க."

•

பாடம் எளிமையானது. விழித்திருக்கும்போது, நினைவு வரும்போதெல்லாம், இது கனவா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கைவிரல்களை எண்ண வேண்டும். பகலில் பழகினது தூக்கத்திலும் வரும். கனவில் எண்ணினால் விரல்கள் கணக்குக்கு வராது. ஒன்று கூடும், இல்லை குறையும்.

"எ… எனக்கு விரல் எதுக்கு, சாமி? நாக்கு போதும். திக்காம வந்தா கனவு."

சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். உலகத்தில் யாருக்கும் இப்படியொரு அடையாளம் வாய்த்ததில்லை என்றார். ஆனாலும் விரலையும் எண்ணச் சொன்னார்.

மாசிலாமணி மில்லில் நின்று எண்ணினார். "விரல் ஏதும் மாவுல போயிடுச்சா அண்ணே? எங்க அடையில வந்து சேரப்போவுது" என்று ஒருத்தி அவர் காதருகே கத்தினாள்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கனவில் பேருந்தில் இருந்தார். நடத்துனர் எந்த ஊர் என்று கேட்டார். விழித்திருக்கும் வாழ்க்கையில் மாசிலாமணி தன் ஊருக்குச் சீட்டு வாங்கியதே இல்லை. அந்தப் பெயர் அவர் வாயில் வராது. அடுத்த ஊருக்கு வாங்கி, இறங்கித் திரும்ப நடப்பார்.

"பாளையங்குடி ஒண்ணு" என்றார்.

சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது.

கனவு.

யாரோ விளக்கைத் தூண்டிவிட்டது மாதிரி எல்லாம் ஒரே கணத்தில் துலங்கியது. நடத்துனரின் காக்கிச் சட்டையில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பியைத் தொட்டார். சில்லென்று இருந்தது. பாளையங்குடி, பாளையங்குடி என்று கூவினார். சந்தோஷம் தாங்காமல் நெஞ்சு அடித்துக்கொள்ள, பேருந்து தண்ணீரில் விழுந்த படம் மாதிரி ஆடிக் கலைந்தது. படுக்கையில் கிடந்தார்.

"குதிச்சீங்களா?" என்றார் சாமி.

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

"குதிச்சா கலைஞ்சிடும். காலைப் பாருங்க. ரெண்டு கையையும் சேர்த்துத் தேய்ங்க. நிக்கும்."

அடுத்த தடவை அப்படியே செய்தார். நின்றது.

சூரியன் இல்லாத வெளிச்சம். மண் ஈரச் சிவப்பு. உள்ளங்கைகளைத் தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறியது. இந்தக் கை பாயில் போர்வைக்குள் கிடக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒருசேரத் தெரிவதுதான் அவரை உலுக்கியது. எதிரில் ஒரு வேலி. வேலியிடம் பேசினார். ஊர்ப் பெயர்கள், மளிகைச் சாமான்கள், சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்ல முடியாமல் அடி வாங்கின வாய்ப்பாடு. ஒரு எழுத்தும் தட்டவில்லை. இறந்துபோன மனைவி தனபாக்கியத்தின் பெயரைச் சொன்னார். மகள் பெயரைச் சொன்னார். பிறந்த நாளிலிருந்து அம்மாடி என்றே அவளைக் கூப்பிட்டு வந்தவர்.

பிறகு அண்ணனை அங்கே வரவழைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு மூலை திரும்பினால் அண்ணன் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினால் போதும்.

"வேண்டாம்" என்றார் அண்ணனிடம். எத்தனை சின்ன வார்த்தை.

அண்ணன் கதவானார். பச்சை பூசிய, சாத்திய மரக்கதவு.

அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். மாசிலாமணி சொல்லத் தொடங்குவார், அண்ணன் கதவாவார். கதவாக இருந்தது பேச்சுக்கு இன்னும் வசதி. ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சொன்னார். அவரே எதிர்பாராததெல்லாம் வந்தது. ருசி கண்டுவிட்டார். மில்லுக்குப் பாதி நாள் போகவில்லை. சாப்பிட்டதும் படுத்தார்.

"பதில் சொல்றாரா?" என்று சாமி கேட்டார்.

"க… கதவு எப்படி சாமி பதில் சொல்லும்?"

"வலிக்குதா அவருக்கு?"

"க… கனவுதானே."

சாமி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

கற்றது எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. விழித்ததும் நாக்கு பழைய நாக்காகவே இருந்தது. பூங்கோதை ஒன்றும் கேட்பதில்லை. சாப்பாடு போடும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். நாள் நெருங்கியது.

•

நிச்சயத்தன்று காலையும் தூங்கினார். பூங்கோதை வந்து எழுப்பினாள். புதுச் சட்டையை நீட்டினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. மின்சாரம் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசிறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒருநாளும் உடுத்தாத ரோஜா நிறத்தில் ஒரு பட்டுச் சட்டை போட்டிருந்தார். யாருடைய ஆட்டுக்குட்டியோ உள்ளே வந்து தாம்பாளத்து வெற்றிலையை முகர, ஒருவரும் அதை விரட்டவில்லை. மாசிலாமணியின் இமைகள் சரிந்து சரிந்து நிமிர்ந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார், பெண்ணைப் பெற்றவர் ஒரு வார்த்தை சொன்னால் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாமே என்று.

அண்ணன் தாம்பாளத்தைக் கையிலெடுத்துக்கொண்டு எழுந்து சிரித்தார். "அவன் என்னங்க சொல்லப்போறான். அவனுக்குப் பூரண…"

"இல்லை."

மாசிலாமணி தன் குரலைக் கேட்டார். சுத்தமாக இருந்தது. ஓரம் பிசிறாமல் இருந்தது.

ஓ, என்று நினைத்துக்கொண்டார். இது அங்கே.

உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதனால்தான் ஆட்டுக்குட்டி. அதனால்தான் ரோஜாச் சட்டை. குதிக்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். உள்ளங்கைகளைச் சேர்த்து நிதானமாகத் தேய்த்தார். கூடம் கலையாமல் நின்றது. இத்தனை உறுதியாக ஒரு தடவையும் நின்றதில்லை.

"இந்தக் கல்யாணம் வேண்டாம். பூங்கோதைக்கு இஷ்டமில்லை. எனக்கும் இல்லை."

யாரோ விசிறியை நிறுத்தினார்கள்.

"நான் சம்மதிச்சேன்னு யாருண்ணே சொன்னது? நீங்க சொன்னீங்க. எனக்குப் பசிக்கலைன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு மேல படிக்க ஆசையில்லைன்னு வாத்தியார்கிட்ட நீங்க சொன்னீங்க. அம்பது வயசாச்சு, நான் என்ன சொல்ல வந்தேன்னு ஒரு தடவையாவது நீங்க காத்திருந்து கேட்டதுண்டா?"

அண்ணன் வாயைத் திறந்தார். இனி கதவாவார் என்று மாசிலாமணி பார்த்துக்கொண்டே பேசினார்.

"தனபாக்கியம் சாகக் கிடந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. எனக்கு வார்த்தை வந்துக்கிட்டிருந்தது. வந்துடும். அவளுக்குத் தெரியும், அவ எப்பவும் இருந்து கேட்பா. நீங்க குறுக்கே வந்து, குழந்தையைப் பத்திக் கவலைப்படாதேங்கறான்னு சொன்னீங்க. அவ கண்ணை மூடிட்டா. நான் சொல்ல வந்தது அது இல்லைண்ணே. இந்த உலகத்துல உன்கிட்ட மட்டும்தான் நான் பேசியிருக்கேன்னு சொல்ல வந்தேன்."

அண்ணன் கதவாகவில்லை.

ரோஜாச் சட்டையில் நின்றுகொண்டே இருந்தார். கையிலிருந்த தாம்பாளம் சரிந்தது. தேங்காயும் வெற்றிலையும் ஜமக்காளத்தில் விழுந்தன. அவர் முகம் கோணி, கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

கனவில் அண்ணன் அழுததில்லை.

மாசிலாமணி இடது கையை விரித்தார். ஐந்து. மடக்கி விரித்தார். ஐந்து. வலது கை. ஐந்து. கூடத்தில் அத்தனை பேரும் அவர் விரல் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பூங்கோதை சுவரைப் பிடித்தபடி நின்றாள். ஆட்டுக்குட்டி வெற்றிலையை மென்றது. மெல்லும் சத்தம் கேட்டது.

இது அங்கே இல்லை. இங்கே.

"அ…" என்றார். "அ… அ…"

அதற்குமேல் வரவில்லை. அதை யாரும் முடித்தும் வைக்கவில்லை.

•

மறுநாள் ஓடையோரப் புல்லில் வழி விலகி விலகி நடந்து மாசிலாமணி ஓடைக்கரைக் கூடத்துக்குப் போனபோது சாமி விழித்திருந்தார். பானையடியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனது. பூங்கோதை அவர் மடியில் தலை வைத்துப் படுத்து அப்படியே தூங்கிப்போனது. அண்ணன் உள்ளறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டது.

"ஏ… ஏன் சொல்லலை, சாமி?"

"எதை?"

"மு… முழிச்சிருக்கும்போதும் தி… திக்காம வரும்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? நேத்துதானே வந்திருக்கு."

மாசிலாமணி சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னார். கனவென்று நினைத்துத்தான் அத்தனையும் பேசியது. விழித்திருப்பது தெரிந்திருந்தால் பாதியில் விழுங்கியிருப்பார். மனைவி பேரைக்கூட எடுத்திருக்க மாட்டார். பெற்ற தகப்பன் மாதிரி இருந்தவரைச் சபையில் வைத்து அறுத்துவிட்டார். இனி எதை நம்பி எது கனவு என்று தெரிந்துகொள்வது.

"கதவாவார், கதவாவார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், சாமி."

அந்த வாக்கியம் தடுக்காமல் வந்தது. இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாமி நகவெட்டியை மடித்தார். மாசிலாமணியின் தோளுக்கு மேலாக, வாசல் பக்கம், மோவாயால் காட்டினார்.

திருமேனி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வீட்டில் போடும் பழைய பனியனோடு வந்திருந்தார். தலை வாரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர் மாதிரி படிக்கு வெளியே நின்றார்.

மாசிலாமணி வாசலுக்குப் போனார்.

"அ…" என்றார்.

வார்த்தை நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. திருமேனியின் உதடுகள் அசைந்தன. பிறகு மூடிக்கொண்டன.

"அ… அ…"

திருமேனி மெல்ல முழங்காலை மடக்கிக் குனிந்து, தம்பியின் வேட்டி விளிம்பில் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருந்த நாயுருவி முட்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கத் தொடங்கினார்.