எதற்குச் சரி என்றீர்கள்?

"டீச்சர், இந்த லினக்ஸ் சொல்லாம கொள்ளாம டெஸ்க்டாப்பையே அழிச்சிருச்சு," என்றார் சிங்காரவேலு.

பொய். பச்சைப் பொய்.

ஊர் நூலகத்தின் பின்னறையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மங்கையர்க்கரசி அங்கே அதை இயக்குகிற லினக்ஸ் மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பார். மின்வாரியத்தில் அதட்டி உருட்டியே காலம் தள்ளி ஓய்வு பெற்ற சிங்காரவேலு, தன்னைவிட இருபது வயது இளையவரான அவரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

நேற்று மனிதருக்குப் பழைய பாட்டுக் கேட்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று ஆசை. டீச்சர் வரும்வரை பொறுக்க முடியவில்லை. எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே காப்பி எடுத்து, கட்டளைகளைத் தட்டுகிற டெர்மினலில் போட்டார். திரை நிறைய எழுத்து ஓடி, கடைசியில் 'தொடரலாமா?' என்று வந்து நின்றது.

இதைப் போட வேண்டுமானால் டெஸ்க்டாப்பை, அதாவது மெனுவெல்லாம் தெரிகிற முகப்புத் திரையையே, நீக்க வேண்டியிருக்கும் என்று அதற்கு மேலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் உட்கார்ந்து யார் படிப்பது? 'ஆம்' என்று தட்டினார்.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கறுப்புத் திரைதான் வந்தது. யாரும் பார்க்கவில்லை. நைசாக நழுவிவிட்டார்.

இன்று காலை முதலில் வந்து சுவிட்சைப் போட்டவள் ரஹிமா. வேலைக்காகத் தமிழ் டைப்பிங் பழகுகிறவள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

"இவதான் எதையோ நோண்டிட்டா," என்று நூலகத்துக்கு வந்திருந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். சிங்காரவேலுவும் அங்கேதான் இருந்தார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"லினக்ஸ் கேக்காம எதையும் அழிக்காதே. யார் செஞ்சது சார்?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"ரஹிமான்னு பேசிக்கிறாங்க."

சொல்லும்போதே அவமானமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

மங்கையர்க்கரசி அதற்கு மேல் துருவவில்லை. "உக்காருங்க. திரும்பக் கொண்டுவந்துடலாம். நான் சொல்றதைத் தட்டுங்க."

தட்டினார். வரிகள் ஓடத் தொடங்கின. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெட் இன்னிக்கு மெதுவா இருக்கு. நேரமாகும்."

"சரி டீச்சர்."

"அடுத்த வாரம் பிரிண்டர் பாடம் வெச்சுக்கலாமா?"

"சரி டீச்சர்."

டீச்சர் இன்னும் என்னவோ கேட்டார்.

"சரி டீச்சர்."

மங்கையர்க்கரசி எழுந்தார். "அப்ப போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"இப்பதானே கேட்டேன்? ரஹிமா இனிமே வர வேணாம்னு சொல்லிடவான்னு. சரின்னீங்க."

சிங்காரவேலு திரையிலிருந்து திரும்பினார். "நான்... கவனிக்கல டீச்சர்."

"அதுக்கென்ன. சரின்னுட்டீங்களே."

டெஸ்க்டாப் திரும்ப வந்திருந்தது. மெனு, கடிகாரம் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மங்கையர்க்கரசி கதவில் கை வைத்தபடி நின்றார்.

"சொல்லிடட்டுமா சார்?"

இந்த முறை முழுசாகக் காதில் விழுந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வேணாம். நான் போறேன்."

வெளியே பெஞ்சில் ரஹிமா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பேசியவர்கள் அத்தனை பேரும் எதிரிலேயே இருந்தார்கள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"சார், சத்தியமா நான் எதையும் தொடல சார். நீங்களாவது டீச்சர்கிட்ட சொல்லுங்க."

"தெரியும்மா," என்றார் சிங்காரவேலு, எல்லோருக்கும் கேட்கும்படி. "தொட்டவன் நான்."