லேகியக் கடைக்கு இன்னொரு ஆள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு முழங்கால் வலி வந்தது. எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், முழங்கால் வலி எல்லா ஊரிலும் உண்டு. அரண்மனை வைத்தியர் ஒரு லேகியம் கிண்டிக் கொடுத்தார். நாலே நாளில் ராஜா படியேறி ஓடினார். ஓடியவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இதைக் கிண்டி விற்போம். நாடு முழுக்க முழங்கால் இருக்கிறது!" என்றார்.

கோட்டை வாசலில் கடை திறந்தார்கள். ஒரு அண்டா, ஒரு வருடத்தில் நாற்பது அண்டா ஆயிற்று. கிண்ட ஆள் போட்டார்கள், சுமக்க ஆள் போட்டார்கள், ஊர் ஊராய்த் தண்டோரா போடக்கூட ஆள் போட்டார்கள். வாங்குகிறவர்களுக்குப் பத்தியம் சொல்ல மட்டும் முதல் நாள் உட்கார்ந்த அதே ஒரே ஆள்தான். அவர் பெயர் உலகளந்தான்.

லேகியம் என்ன, வாயில் போட்டு விழுங்கிவிட்டுப் போகிற சமாச்சாரமா? யாருக்கு, வயது என்ன, வயிறு எப்படி என்றெல்லாம் விசாரித்துத்தான் அளவு சொல்ல வேண்டும். கருவாடு ஆகுமா, புளி ஆகுமா, மாமியார் தின்ற மிச்சத்தை மருமகள் தின்னலாமா என்று ஆளுக்குப் பத்துக் கேள்வி. ஒன்று தப்பினாலும் வாங்கினவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுவார். அதனால் உலகளந்தான் அவசரப்பட மாட்டார். வரிசை ஆற்றங்கரை வரை போயிற்று. ஜனங்கள் வரிசையிலேயே தூங்கினார்கள். அவர் தாம் உட்கார்ந்திருந்த விசுப்பலகையிலேயே தூங்கினார்.

அவர் மனைவி அலர்மேலு ஆற்றுக்கு அக்கரையில் காய்ச்சலில் படுத்திருந்தாள். கடை மூடுவதற்குள் ஓடமும் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்லும் மனுஷனுக்கு எட்டு நாளாக வீட்டுக்குப் போய் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற நேரமில்லை. இன்னொரு ஆள் இருந்தால் போயிருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு ஆள் ஏன் இல்லை? அந்த அரண்மனையில் ஒரு விதி இருந்தது. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், வேண்டியவரே சபை கூடியிருக்கும்போது நேரில் வந்து தம் வாயால் கேட்க வேண்டும். கடை திறந்திருக்கும்போது பலகையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. சபையும் கடையும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும். இந்த இரண்டையும் வகுத்த புண்ணியவான் பிரதானி சூரியநயினார்.

சபையில் ஒருநாள் அரசவை விகடகவி விடங்கன் இந்தப் பேச்சை எடுத்தான்.

"மகாராஜா, பத்தியம் சொல்ல இன்னொருவரை நியமிக்க வேண்டும். அந்த மனிதர் உருக்குலைந்துவிட்டார்."

விடங்கனைக் கண்டாலே பிரதானிக்கு ஆகாது. "அரசே, ஒரு வருடமாக உலகளந்தான் வந்து கேட்கவே இல்லை. கேளாதவருக்குத் தேவை ஏது?" என்றார்.

ராஜா தலையாட்டினார். "நியாயந்தானே? சமாளிக்கிறார் என்றுதானே பொருள்? முடியாமல் போகும்போது ஆள் போட்டுக்கொள்ளலாம்."

"விடங்கனாருக்கு அவ்வளவு அக்கறை என்றால் அவரே அழைத்து வரட்டும்" என்றார் பிரதானி. "பலகை ஒரு கணமும் காலியாகக் கூடாது. வரிசையில் நிற்கும் ஒருவரையும் பதில் சொல்லாமல் அனுப்பக் கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"உத்தரவு" என்றான் விடங்கன்.

மறுநாள் காலை பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரோடு கடைக்குப் போனான். உலகளந்தான் உட்கார்ந்திருந்தபடியே பலகையைத் தூக்கச் சொன்னான். பலகை நகர்ந்ததும் வரிசையும் நகர்ந்தது. நின்று பிடித்த இடத்தை யார் விடுவார்கள்? முன்னால் போகிறவர் துண்டைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொண்டார். ஒருவர் ஆட்டுக்குட்டியோடு வந்தார்.

விடங்கன் வரிசை கலையாமல் ஓட்டிக்கொண்டு போனான். நடுவில் ஒரு பெண் அவன் கையைப் பிடித்து, "அய்யா, நான் லேகியத்துக்கு வரல..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் முறை வரும் தாயே, வரிசையிலே வா" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினான். அவனுக்கு அப்போது தன் தந்திரத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பலகை சபைக்குள் வந்து சிம்மாசனத்துக்கு எதிரே இறங்கியது. பின்னாலேயே முந்நூறு பேர், ஒரு ஆட்டுக்குட்டி.

ராஜா எழுந்தே விட்டார். "உலகளந்தாரே, என்ன வேண்டும் உமக்கு?"

உலகளந்தான் நிமிரவில்லை. பேசிப் பேசிக் கம்மிய குரலில், "யாருக்கு? வயசு என்ன?" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டுக்குட்டி பிரதானியின் அங்கவஸ்திரத்தை மென்றதும் இன்னும் சிரித்தார். சிரித்து ஓய்ந்து மறுபடி கேட்டபோதுதான் உலகளந்தான் எதிரில் இருப்பது யாரென்று பார்த்தார்.

"இன்னொரு ஆள் வேணும் மகாராஜா. ஒரே ஒரு ஆள் போதும்."

"ஒன்றென்ன, பத்துப் பேர் தந்தோம்!" என்றார் ராஜா. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். "பலகையும் காலியாகவில்லை, வரிசையும் கலையவில்லை. பிரதானியாரே, தோற்றீர்! ஆமாம் விடங்கா, இந்த ஆளை நாம் எப்போது போட்டிருக்க வேண்டும்?"

"இவர் முகத்தில் சிரிப்பு இருந்தபோதே, மகாராஜா."

ராஜா அதற்கும் சிரித்தார். வேலை நடக்கும் அழகைப் பார்க்க ஆசைப்பட்டு, "ம், நடக்கட்டும்" என்றார்.

வரிசை நகர்ந்தது. ஒருவர் கருவாட்டைப் பற்றிக் கேட்டார், ஒருவர் பேதியைப் பற்றிக் கேட்டார். எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது. அடுத்து அந்தப் பெண் வந்தாள்.

"யாருக்கு? வயசு என்ன?" என்றார் உலகளந்தான், குனிந்தபடியே.

"அண்ணே, நான் பக்கத்து வீட்டு வள்ளியம்மை."

"யாருக்கும்மா?"

"மதினி போயிட்டாங்கண்ணே. முந்தாநாள் சாயங்காலம். உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் நேத்து விடியவே வந்துட்டேன். காவக்காரர் வரிசையில நில்லுன்னுட்டார். அவசரம்னு சொன்னேன், எல்லாருக்கும் அவசரந்தான்னார்."

பிரதானி மேற்கூரையைப் பார்த்தார். விடங்கனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பிடித்த கையை அவன் உதறிவிட்டு ஓடியிருந்தான்.

ராஜா படியிறங்கி வந்தார். "எழுந்திரப்பா. வீட்டுக்குப் போ."

உலகளந்தான் எழுந்திருக்கவில்லை. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாத்து ஆள் வரட்டும் மகாராஜா" என்றார்.

விடங்கன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார். வள்ளியம்மை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பத்துப் பேரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். பத்தியம் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை, உலகளந்தான் திரும்பி வரவே இல்லை.

ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார் என்று முடிக்க வேண்டிய கதை இது. சிரித்ததும் கொடுத்ததும் உண்மைதான். கொஞ்சம் முன்னாலேயே சிரித்துவிட்டார், அவ்வளவுதான்.