ஓலை காட்டும் இடத்தில் இலை

மன்னர் வல்லபராயருக்கு அன்று கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாதா பின்னே? அரண்மனைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கல்யாண ஓலையில் இருந்த வழியை நம்பி வந்த சம்பந்தி வீட்டார், நேராக யானைக் கொட்டடியில் போய் இறங்கிவிட்டார்கள்.

மன்னர் பள்ளி ஓலைகளை வரவழைத்துப் பார்த்தார். பிழைகளையெல்லாம் சிற்றம்பல வாத்தியாரே திருத்தியிருந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதியதோடு சரி.

“இனி ஒருவர் ஓலையில் அடுத்தவர் கை படக் கூடாது. ஆனால் பௌர்ணமிக்குள் எழுத்து திருந்த வேண்டும். இல்லையென்றால் பள்ளியை மூடி நெல் கொட்டிவைப்பேன்” என்றார்.

வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் ஏது? அவையில் குறும்புக்குப் பேர்போன கொழுந்தப்பரிடம் ஓடினார். பிள்ளைகளையே குறை கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன என்றார் அவர். சொல்லிப் பார்த்தாயிற்று என்றார் வாத்தியார். ஒருவனும் தன் எழுத்தில் ஒரு குறையும் காணவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

மறுநாள் கொழுந்தப்பர் தோட்டத்து மண்டபத்தில் விருந்து வைத்தார். கோட்டை வாசலிலிருந்து மண்டபத்துக்கு வழி எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அவரவர் ஓலையில் உள்ளபடிதான் அவரவர் நடக்க வேண்டும், போய்ச் சேருகிற இடத்தில்தான் இலை விழும், பரிமாறுவதோ மண்டபத்தில் மட்டும்தான் என்றார்.

ஒருவன் குளத்துப் படியில் நின்றான். எங்கே திரும்புவது என்று எழுத மறந்தவன் மதில் சுவரோடு நின்றான். காற்றில் நெய் மணம் வேறு. யாரும் அதட்டவில்லை, அவர்களே புது ஓலை கேட்டு ஓடிவந்தார்கள். நடந்து பார்த்து, விட்டதைக் கண்டு, மறுபடி எழுதினார்கள். பாயசம் ஆறுவதற்குள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள்.

விருந்தைப் பார்க்க வந்திருந்த மன்னருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. வழி எழுதுவதெல்லாம் ஒரு வித்தையா என்று ஓர் ஓலையை வாங்கி மளமளவென்று எழுதினார். நடந்து காட்டினால் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்களே என்றார் கொழுந்தப்பர், வெகு பணிவாக.

வாசலுக்குப் போய் மன்னர் நடக்கத் தொடங்கினார். ஓலையைப் பார்த்தார், திரும்பினார், மறுபடி பார்த்தார். கடைசியில் வைக்கோல்மேல் நின்றார். பக்கத்தில் பட்டத்து யானை காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

“கொழுந்தப்பரே, எங்கே தவறவிட்டேன்?”

“தங்கள் ஓலையில் நான் கை வைக்கலாகாது, மகாராஜா. அது கட்டளை. இலையை இங்கேயே போடச் சொல்லட்டுமா?”

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பள்ளியில் கொட்ட வைத்திருந்த நெல்லை வாத்தியார் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு தணிந்த குரலில் ஒரு புது ஓலை கேட்டார்.